கேம் சர்வர் லேக் அடிக்கிறதா? ரேம் ஏற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர், லேப்டாப் கீபோர்டு, எஸ்டேட் பங்களாக்களுக்கு சிசிடிவி, இவைதான் பிழைப்பு. ஏப்ரல், மே லீவு வந்தால் மட்டும் இன்னொரு கூட்டம் வரும். கோவையில் காலேஜ் படிக்கிற பையன்கள், பிளஸ் டூ முடித்தவர்கள். நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து அதில் மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டுவார்கள். வந்து சொல்வது ஒரே வரிதான்: "அண்ணா, சர்வர் லேக் அடிக்குது. ரேம் ஏத்தலாமா?"

லேக் என்றால் ஆட்டம் தாமதித்துத் தடுமாறுவது. பெரும்பாலும் அந்தக் கோளாறு ரேமில் இருப்பதில்லை. ஆனால் கடைக்கு வருவதற்குள் ஒரு முறையாவது ஏற்றியிருப்பார்கள். மாத வாடகை இரண்டு மடங்காகியிருக்கும், லேக் அசையாமல் அப்படியே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறிக்குப் போங்கள், மேலிருந்து கீழாகப் பாருங்கள். காசு செலவில்லாதது மேலே இருக்கும், ப்ளான் மாற்றுவது கடைசியில். நான் அதிகம் பார்ப்பது மைன்கிராஃப்ட் ஜாவா என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு கேமுக்கு மாறுகிற இடத்தில் குறிப்பிடுகிறேன்.

விபிஎஸ்ஸே வேண்டாம், வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டுகிறேன் என்பவர்கள் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் அது தொடங்கினால், உங்கள் இணைய கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வருக்கு நேராக வர முடியாது. அப்புறம் ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேள்வி: எல்லாருக்குமா, ஒருவருக்கு மட்டுமா?

எதையும் தொடுவதற்கு முன் குரூப்பில் இதைக் கேளுங்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிற்கும் மூன்று பேரைக் கேட்க வேண்டும். அதில் ஒருவர் மலையில் இல்லாதவராக இருக்கட்டும். கோவை, திருப்பூர், சென்னை, எதுவானாலும் சரி. பாதிப் பிரச்சினை எங்கே என்று இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி 1: ஒருவருக்கு மட்டும் லேக், மற்றவர்களுக்கு ஒழுங்காக ஓடுகிறது

சர்வரைத் தொடாதீர்கள். கோளாறு அந்த ஒருவரின் வீட்டில், அல்லது வீட்டுக்கு வரும் லைனில்.

முதலில் வீட்டு ரவுட்டருக்கு பிங் போடுங்கள், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1. நாலு தடவை போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, நூறு தடவையாவது ஓடட்டும். எல்லாம் ஐந்து மில்லிசெகண்டுக்குள் இருந்தால் வைஃபை சரி. நடுநடுவே 80, 200 என்று குதித்தால் வைஃபைதான் குற்றவாளி. லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். இங்கே பழைய வீடுகளின் சுவர் கருங்கல், அதுவும் நல்ல கனம். ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

வைஃபை சரியாக இருந்து, வெளியே போகும் பிங் மட்டும் விட்டுவிட்டு வந்தால் பைபர் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிகிறதா? எரியவில்லை என்றால் மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் லைனில் எங்கோ மடிப்பு, அழுக்கு, அல்லது குரங்கு. சில்வர் ஓக் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய வயரில் குரங்கு ஊஞ்சலாடுவதை நிறுத்த எந்த விபிஎஸ் கம்பெனியாலும் முடியாது. இங்கே கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்பார். அந்த எண்ணைச் சொன்னால் பைபரை ஒட்டும் ஸ்பிளைஸ் மெஷினோடு வருவார்.

போன் டேட்டாவில் விளையாடுபவர் என்றால் ஒரு கேள்வி போதும்: சாயங்காலம் மட்டுமா? ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் டவருக்கு மேல் சுமை. காலை ஆறு மணிக்கு விளையாடிப் பாருங்கள். சரியாக ஓடினால் காரணம் அதுதான், சீசன் முடியக் காத்திருங்கள்.

அறிகுறி 2: எல்லாருக்கும் பிங் அதிகம், ஆனால் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கிறது

ஆட்டம் உறைவதில்லை, யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை. அடித்த அடி மட்டும் கொஞ்சம் தாமதித்து விழுகிறது. பிங் 180, எந்நேரமும் 180. இது தூரம். சர்வர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறது.

விலை குறைவு என்று ஜெர்மனியில் எடுத்துவிட்டு இங்கே வந்து நிற்பவர்கள் அதிகம். பைபரில் வெளிச்சம் போகும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வயர் நேர்கோட்டில் போனால். எட்டு கோர், பதினாறு கோர் என்று எத்தனை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் கடையிலிருந்து போட்டால் சென்னை, பெங்களூரு சர்வர்கள் 20 முதல் 35க்குள் வரும். மும்பை 40ஐ ஒட்டி. சிங்கப்பூர் 60, 70. ஐரோப்பா நல்ல நாளில் 150, கெட்ட நாளில் 200. நண்பர்களோடு வீடு கட்டி விவசாயம் பார்க்கும் ஆட்டத்துக்கு 150 கூடத் தாங்கும். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் ஆட்டம், துப்பாக்கி ஆட்டம் என்றால் 60, 70ஐத் தாண்டினாலே சண்டை கேமுக்கு வெளியே வந்துவிடும்.

எனவே விபிஎஸ் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஊர். டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூருவில் டேட்டா சென்டர் உண்டு. லினோடுக்கு மும்பையிலும் சென்னையிலும், ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. உள்ளூர் கம்பெனிகளும் இருக்கின்றன. ஆனால் "இந்தியா" என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள், எந்த ஊர் என்று கேளுங்கள்.

கிளை: இந்தியாவில்தான் எடுத்தேன், ஆனாலும் பிங் 120

வரைபடத்தில் பெங்களூரு நமக்குப் பக்கம். பாக்கெட்டுக்கு அது தெரியாது. கீழே கோவைக்கு இறங்கி, சென்னைக்குப் போய், சில கம்பெனிகளில் சிங்கப்பூர் வரைக்கும் கூடச் சுற்றிவிட்டு பெங்களூருவுக்கு வரும். எம்டிஆர் என்று ஒரு கருவி இருக்கிறது, விண்டோஸுக்கு வின்எம்டிஆர். சர்வர் முகவரியைக் கொடுத்து ஐந்து நிமிடம் ஓட விட்டால், வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தமும் அங்கே எத்தனை மில்லிசெகண்டு என்பதும் வரிசையாக வரும். எந்த நிறுத்தத்தில் 25 திடீரென்று 90 ஆகி, அதற்கப்புறம் கடைசி வரை இறங்காமல் போகிறதோ, அங்கேதான் சுற்று தொடங்குகிறது. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் இழப்பு காட்டி அடுத்த வரியில் சரியாகிவிட்டால் அதை விட்டுவிடுங்கள். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதில் சோம்பேறி, அவ்வளவுதான்.

சுற்று வழியை உங்களால் திருத்த முடியாது. அந்த எம்டிஆர் பதிவை விபிஎஸ் கம்பெனிக்கும் உங்கள் இணைய கம்பெனிக்கும் டிக்கெட்டாக (புகாராக) அனுப்புங்கள். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் வேறு ஊர், வேறு கம்பெனி. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் வாங்கும் முன் சோதியுங்கள். நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சோதனை முகவரியைத் தளத்தில் போட்டிருக்கும். உங்கள் குரூப்பில் இருக்கும் ஒவ்வொரு நெட் கம்பெனியிலிருந்தும் ஒருவர் அதற்கு பிங் போட்டு எண்ணைச் சொல்லட்டும். இரவு ஒன்பது மணிக்குப் போட வேண்டும். காலையில் எல்லா சர்வரும் நல்ல சர்வர்தான்.

அறிகுறி 3: பிங் நன்றாக இருக்கிறது, ஆனால் உடைத்த பிளாக் திரும்ப வருகிறது

மாடு நடக்காமல் நின்ற இடத்திலிருந்து தாவுகிறது. பெட்டியைத் திறந்தால் இரண்டு செகண்டு கழித்துத் திறக்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில். பிங் மட்டும் 30, 35 என்று சமத்தாக இருக்கிறது. ஏறக்குறைய எல்லாரும் ரேம் வாங்கி ஏமாறுவது இந்த அறிகுறியில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 20 முறை உலகத்தைக் கணக்குப் பார்க்கும். ஒரு முறைக்குக் கிடைப்பது 50 மில்லிசெகண்டு. அதற்குள் முடியவில்லை என்றால் உலகமே மெதுவாகும். பேப்பர் என்பது மைன்கிராஃப்ட் சர்வரின் வேகப்படுத்திய மாற்றுப் பதிப்பு. அதில் எம்எஸ்பிடி (mspt, ஒரு முறைக்கு எத்தனை மில்லிசெகண்டு) கட்டளையைக் கொடுங்கள். 50க்குள் இருந்தால் உங்கள் பிரச்சினை இதில்லை, அறிகுறி 1க்கும் 2க்கும் திரும்பிப் போங்கள். 50ஐத் தாண்டுகிறது, லாகில் (சர்வர் எழுதும் பதிவில்) "கான்ட் கீப் அப்" என்று வரி வரியாக விழுகிறது என்றால் மேலே படியுங்கள்.

முதல் வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் வியூ டிஸ்டன்ஸ் 10 என்று இருக்கும். ஒரு ஆளைச் சுற்றி 21க்கு 21, அதாவது 441 சங்க் (நிலத் துண்டு) என்று அர்த்தம். அதை 6 ஆக்கினால் 13க்கு 13, வெறும் 169. சிமுலேஷன் டிஸ்டன்ஸையும் 10லிருந்து 5க்கு இறக்குங்கள். "பனி மூட்டம் மாதிரி இருக்குண்ணா" என்று ஒரு பையன் குறைப்பட்டான். கோத்தகிரியில் பிறந்தவனுக்கு அதெல்லாம் ஒரு குறையா என்று கேட்டேன்.

யாராவது புது இடத்துக்குப் பறந்து போகும்போது மட்டும் எல்லாருக்கும் உறைகிறதா? புது நிலத்தை அந்த நேரத்தில் உருவாக்குவதுதான் சுமை. உலகத்துக்கு ஒரு எல்லை போட்டு, சங்க்கி என்ற பிளகினை (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்) இரவு முழுக்க ஓடவிட்டு நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடுங்கள். டிஸ்க் கொஞ்சம் தின்னும், பரவாயில்லை.

ஒரு குறிப்பிட்ட ஆள் ஆன்லைன் வந்தால் மட்டும் லேக் என்றால் அவருடைய பண்ணையைப் போய்ப் பாருங்கள். நூறு கிராமவாசிகளை ஒரு குழியில் அடைத்து வைத்திருப்பார். அல்லது கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஹாப்பர், பொருளை உறிஞ்சி நகர்த்தும் பெட்டி. இது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல, பஞ்சாயத்து. நயமாகப் பேசிப் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் ஸ்பார்க் பிளகினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எந்த பிளகின் எத்தனை சதவீதம் நேரம் தின்கிறது என்று பாருங்கள். முதலிடத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இன்னும் மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் தரும் அசல் ஜார் ஃபைலையே ஓட்டுகிறீர்கள் என்றால், பேக்கப் எடுத்துவிட்டு பேப்பருக்கு மாறுவது ஒரு ரூபாய் செலவில்லாத பெரிய மாற்றம். ஆனால் சில ரெட்ஸ்டோன் (கேமுக்குள் வரும் மின்சுற்று) வித்தைகள் பேப்பரில் அசல் மாதிரி நடக்காது, முன்பே குரூப்பில் சொல்லிவிடுங்கள்.

கிளை: யாரும் விளையாடாதபோதும் சிபியு நூறு சதவீதம்

விபிஎஸ்ஸில் டாப் (top) கட்டளையைப் போட்டு, பட்டியலின் முதல் வரியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஜாவா இல்லாமல், நீங்கள் வைக்காத ஏதோ ஒரு பெயர் ஓடுகிறதா? உங்கள் விபிஎஸ்ஸில் வேறு யாரோ கிரிப்டோ காயின் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ரூட் பாஸ்வேர்டை கேம் பெயரும் 123ம் சேர்த்து வைத்தால் இதுதான் நடக்கும். அந்த வேலையை நிறுத்தினால் திரும்ப முளைக்கும். சுத்தம் செய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். உலக ஃபோல்டரை மட்டும் இறக்கிக்கொண்டு, விபிஎஸ்ஸை அழித்து புதிதாக நிறுவி, பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து விபிஎஸ்ஸுக்குள் நுழையும் வழி) சாவி போடுங்கள். பிளகின்களைப் பழைய இடத்திலிருந்து எடுக்காமல் அதனதன் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் தெரிந்தவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

கிளை: எல்லாம் குறைத்தாச்சு, ராத்திரியில் மட்டும் லேக்

டாப் கட்டளையின் மேல் வரிகளில் எஸ்டி (st) என்று இரண்டெழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். ஸ்டீல் (steal), அதாவது திருட்டு. உங்களுக்குச் சேர வேண்டிய சிபியு நேரத்தில் எவ்வளவு பக்கத்து வாடகைக்காரருக்குப் போனது என்பதைச் சொல்வது அதுதான். ஒரே இயந்திரத்தை இருபது, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இரவு எட்டு முதல் பத்து வரை தொடர்ந்து பத்தைத் தாண்டினால் கம்பெனி அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறது. மேட்டுப்பாளையம் கடைசி பஸ் மாதிரி.

மூன்று இரவுகள் அந்தத் திரையைப் படம் பிடித்து, நேரத்தோடு டிக்கெட் போட்டு, வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றித் தருகிறவர்கள் உண்டு. ஒரு கம்பெனி எனக்கு "பெரிய ப்ளான் எடுங்கள்" என்று பதில் அனுப்பியது. அந்தப் பதில் வந்தால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டும். அதே கம்பெனியில் பெரிய ப்ளான் எடுத்தால் அதே பஸ்ஸில் இரண்டு சீட் வாங்குகிற கதைதான்.

கிளை: ஸ்டீலும் இல்லை, எம்எஸ்பிடி மட்டும் இறங்கவில்லை

இப்போதுதான் ப்ளான் மாற்றுவது பற்றிப் பேசலாம். மைன்கிராஃப்ட் சர்வரின் முக்கியமான கணக்கு ஒரே கோரில்தான் ஓடுகிறது. எட்டு கோர் வாங்கினாலும் ஏழு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். எனவே எத்தனை கோர் என்று கேட்காதீர்கள், அந்தக் கோர் என்ன வேகம், எந்த ஆண்டுச் சிபியு என்று கேளுங்கள். புதுத் தலைமுறை ரைசன் மாதிரி வேகமான கோர் இரண்டு, பழைய ஜியான் கோர் எட்டை விட நன்றாக ஓட்டும். சிபியு மாடலைச் சொல்ல மறுக்கும் கம்பெனியிடம் வருட ப்ளான் எடுக்கவே எடுக்காதீர்கள். டெடிகேட்டட் சிபியு என்று போட்ட ப்ளான் கிடைத்தால், விலை கூடினாலும், பத்துப் பேருக்கு மேல் விளையாடும் சர்வருக்கு அது நியாயம்.

சரி, ரேம் எப்போதுதான் காரணம்? ஐந்தாறு நண்பர்கள், சில பிளகின் என்றால் 4 ஜிபி விபிஎஸ் போதும். மோட் பேக் (கேமையே மாற்றும் சேர்க்கைகளின் தொகுப்பு) என்றால் 8 வேண்டும். பால்வேர்ல்ட் மாதிரி கேம் 16 ஜிபி கேட்கும். அது வேறு ஜாதி. மைன்கிராஃப்டில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு செகண்டு உறைந்து விடுபட்டு, மறுபடி உறைந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் ஸ்டார்ட் ஸ்கிரிப்டைத் திறங்கள். அரவேணுப் பக்கத்துப் பையன் ஒருவன் 4 ஜிபியிலிருந்து 8, 8லிருந்து 16 என்று ஏற்றிக்கொண்டே போய்விட்டு லேப்டாப்போடு வந்தான். ஸ்கிரிப்டில் எக்ஸ்எம்எக்ஸ் (Xmx, ஜாவா எடுக்கும் ரேமுக்கு உச்ச வரம்பு) என்ற இடத்தில் முதல் நாள் எங்கிருந்தோ காப்பி அடித்த 1 ஜிபி அப்படியே இருந்தது. பதினாறு ஏக்கர் வாங்கி ஒரு சென்ட்டில் தேயிலை போட்ட கதை. 3 ஜிபி என்று திருத்தி, ப்ளானை 4க்கு இறக்கிக் கொடுத்தேன். கடை ஃபீஸ் நூறு ரூபாய் கொடுத்தான், முகத்தில் மூவாயிரம் போன வருத்தம்.

அறிகுறி 4: சர்வர் தானாக நின்றுவிடுகிறது

எப்போது நிற்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

நீங்கள் லேப்டாப்பை மூடியதும் நிற்கிறதா? எஸ்எஸ்எச் ஜன்னலில் நேரடியாக ஓட்டியிருக்கிறீர்கள். ஜன்னல் போனால் சர்வரும் போகும். ஜன்னலை மூடினாலும் ஓடவிடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் கருவிக்குள் ஓட்டுங்கள். இன்னும் நல்லது சிஸ்டம்டி சர்வீஸாக வைப்பது, விபிஎஸ் ரீபூட் ஆனாலும் தானாக எழுந்துவிடும்.

தினமும் காலை ஒன்பதரைக்கு நிற்கிறதா? விடிகாலை நாலு மணிக்கு ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) போட்டிருப்பீர்கள். விபிஎஸ்ஸின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நாலு மணிக்கு ஆக வேண்டும் என்றால் 22:30 என்று போடுங்கள், அல்லது நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்று மாற்றுங்கள்.

ஆள் கூடும்போது, லாகில் பிழை எதுவும் எழுதாமல் சட்டென்று நிற்கிறதா? கெர்னல் லாகில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். இருந்தால், லினக்ஸே ஜாவாவைக் கொன்றிருக்கிறது. 4 ஜிபி விபிஎஸ்ஸில் எக்ஸ்எம்எக்ஸ் 4 ஜிபி என்று போட்டால் இப்படித்தான் ஆகும். ஜாவா தன் பங்குக்கு மேலும் கொஞ்சம் எடுக்கும், சிஸ்டத்துக்கும் வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஜிபி வரை ஒதுக்கி விடுங்கள்.

அப்டேட் செய்த அன்றே நின்று, மறுபடி தொடங்கவே மாட்டேன் என்கிறதா? லாகில் "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65" என்று இருந்தால் ஜாவா 21 வேண்டும் என்கிறது. மைன்கிராஃப்ட் 1.20.5லிருந்து அது கட்டாயம். உங்களிடம் 17 இருக்கும்.

டிஸ்க் நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். தினசரி பேக்கப்பை அதே டிஸ்கில் போட்டு, பழையதை அழிக்காமல் விட்டால் ஒரு நாள் நிரம்பத்தான் செய்யும். நிரம்பிய டிஸ்கில் உலகத்தைச் சேமிக்கும்போது அது பாதியில் கெடலாம். இதற்குக் காசு கொடுத்து ப்ளான் ஏற்ற வேண்டாம். ஏழு நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை அழிக்க ஒரு வரி போதும். ஒரு பிரதியை விபிஎஸ்ஸுக்கு வெளியே, உங்கள் லேப்டாப்பிலாவது வையுங்கள்.

அறிகுறி 5: யாராலும் உள்ளே நுழையவே முடியவில்லை

"அவுட்டேட்டட் கிளையன்ட்" என்று வந்தால் பதிப்பு வேறு, ஒரே எண்ணுக்கு வாருங்கள். சும்மா சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆனால் கதவு, அதாவது போர்ட், மூடியிருக்கிறது. ஜாவா பதிப்புக்கு 25565 டிசிபி. போனில் விளையாடும் பெட்ராக் பதிப்புக்கு 19132 யுடிபி. வால்ஹைம் 2456, பால்வேர்ல்ட் 8211, இரண்டும் யுடிபி. எண்ணைச் சரியாகப் போட்டு டிசிபி, யுடிபியை மாற்றிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கதவு இரண்டு இடத்தில் இருக்கும். விபிஎஸ்ஸுக்குள் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஒன்று, கம்பெனியின் கண்ட்ரோல் பேனலில் தனி ஃபயர்வால் இன்னொன்று. இரண்டையும் திறக்க வேண்டும். சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் சர்வர் ஐபி என்ற இடத்தைக் காலியாக விடுங்கள்.

இவ்வளவும் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் என்ன வாங்கினீர்கள் என்று பில்லைப் பாருங்கள். மிக மலிவான ப்ளான்களில் இரண்டு வகைப் பொறி உண்டு. ஒன்று ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) மட்டும் தருவது. உங்கள் நண்பர்களில் ஐபிவி4 மட்டும் உள்ளவருக்கு அந்த சர்வர் இல்லாத ஊர். இரண்டாவது, நேட் விபிஎஸ். பொது முகவரியைப் பத்துப் பேரோடு பகிர்ந்து, சில போர்ட் எண்களை மட்டும் தருவார்கள். அவர்கள் கொடுத்த எண்ணில் சர்வரை வைத்தால் ஓடும், ஆனால் விளையாடுகிறவர்கள் அந்த எண்ணையும் சேர்த்து டைப் செய்ய வேண்டும். ஆர்ம் சிபியு ப்ளான் எடுத்தவர்களும் கவனியுங்கள். ஜாவா பதிப்பு அதில் ஓடும், பெட்ராக்கின் அதிகாரப்பூர்வ சர்வர் எக்ஸ்86க்கு (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) மட்டும்தான்.

அறிகுறி 6: எல்லாரும் ஒரே நொடியில் வெளியே தள்ளப்படுகிறார்கள்

உடனே கண்ட்ரோல் பேனலுக்குள் போய் பிரவுசர் கன்சோலைத் திறங்கள். சர்வர் உள்ளே நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் நெட்வொர்க். கம்பெனியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பராமரிப்பு அறிவிப்பு இருந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள். அறிவிப்பு இல்லாமல் போக்குவரத்து வரைபடம் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தால் யாரோ டிடாஸ் அடிக்கிறார்கள், அதாவது பொய்ப் போக்குவரத்தை வெள்ளமாக அனுப்புகிறார்கள். நேற்று பேன் செய்த பையனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம். முகவரியைப் பொதுவில் போடாதீர்கள், ஒயிட்லிஸ்ட் (அனுமதித்தவர் பட்டியல்) போடுங்கள். ஒயிட்லிஸ்ட் வெள்ளத்தைத் தடுக்காது, ஆனால் புதியவர் உள்ளே வந்து பகை வளர்ப்பதைத் தடுக்கும். வெள்ளம் பெரிதானால் கம்பெனியே உங்கள் முகவரியைச் சில மணி நேரம் முடக்கிவிடும், மற்ற வாடகைக்காரர்களைக் காப்பாற்ற. டிக்கெட் போட்டு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை நடந்தால் கேமுக்கென்று டிடாஸ் பாதுகாப்பு தரும் கம்பெனிக்கு மாற வேண்டியதுதான். இதில் மலிவான வழி இல்லை. காசு கொடு, இல்லாவிட்டால் அடிப்பேன் என்று மிரட்டல் வந்தால் கொடுக்காதீர்கள். செய்தியைப் படம் பிடித்துக்கொண்டு 1930 சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அறிகுறி 7: சர்வர் சும்மா இருக்கிறது, பில் மட்டும் ஏறுகிறது

பரீட்சை நேரத்தில் விபிஎஸ்ஸை ஆஃப் செய்துவிட்டுக் காசு மிச்சம் என்று நினைக்கிறார்கள். பல கம்பெனிகளில் ஆஃப் செய்தாலும் வாடகை ஓடும், இடம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது. உலகத்தை இறக்கி வைத்துக்கொண்டு விபிஎஸ்ஸையே அழித்தால்தான் மீட்டர் நிற்கும். அப்புறம் போட்ட விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, டாலரில் என்றால் கார்டு கம்பெனியின் மாற்றுக் கட்டணம். முதல் வருடத் தள்ளுபடியைக் காட்டி இரண்டாம் வருடம் இரட்டிப்பாக்கும் ப்ளான்களும் உண்டு. ரின்யூவல் விலை எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். முதல் மாதம் எப்போதும் மாத ப்ளான். ஒரு சனிக்கிழமை இரவைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு வருடத்துக்குப் போகலாம்.

அறிகுறி 8: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றாகக் காணாமல் போகிறார்கள்

கோவைப் பையன் ஆட்டத்தில் இருக்கிறான். கோத்தகிரி, குன்னூர் ஆட்கள் மொத்தமாக அவுட். வடகிழக்குப் பருவமழை, எங்கோ மண் சரிந்து, சாலையோரம் போன பைபரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். இதற்காக விபிஎஸ்ஸை மாற்றியவர் ஒருவர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

வீட்டு பைபர் ஒரு கம்பெனி, போன் டேட்டா வேறு கம்பெனி என்று வைத்துக்கொண்டால் சில சமயம் தப்பலாம். இரண்டும் போனால் ரோடு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு நாளில் சர்வர் நின்றால் எழுப்ப ஆள் வேண்டும். அட்மின்கள் எல்லாரும் மலையிலேயே இருக்கும் குரூப்புகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. அக்டோபர் தொடங்குவதற்குள் கீழே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு எஸ்எஸ்எச் சாவி கொடுத்து, சர்வரை நிறுத்தி எழுப்பும் இரண்டு கட்டளைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எதிரில் உட்கார வைத்து ஒரு முறை செய்தும் பார்க்கச் சொல்லுங்கள்.